துணியில் செய்த கால்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய மாதம். இடம், இங்கே மலேசியாவில், பத்து பாகாட் டவுனில் ஒரு டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இருக்கிற பட்டறை. வெளியே இருந்து பார்த்தால் ஏதோ மோட்டார் ரிப்பேர் செய்கிற இடம் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே கால் செய்கிறார்கள். கையும் செய்கிறார்கள். இப்படி ஓர் இடம் உண்டு என்பதே அதற்கு முன் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

நாங்கள் அங்கிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, குளுவாங்கில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். ரவிக்கை, மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு கூரோங், பள்ளிச் சீருடை, எது வந்தாலும் சரி. என் வீட்டுக்காரருக்கு ஏசி, நாங்கள் ஏர்கோன் என்போம், அதை மாட்டுகிற வேலை. ஆள் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஏணி மேல் நின்றுகொண்டே கீழே நிற்பவரிடம் ஊர்க்கதை பேசுவார். வேலை முடிந்த பிறகும் கிளம்ப மாட்டார். "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூப்பிட்டுக்குங்க லா, நாங்க வெளிய போகணும்" என்று எனக்கே போன் வந்திருக்கிறது.

அந்த மனிதர் ஒரு மழை நாள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பியது. மற்றதை விவரமாக எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் நேராக அறைக்குள் போனார், அங்கேயே இருந்துவிட்டார். யாராவது பார்க்க வந்தால் தூங்குவது மாதிரி கிடப்பார். பேச்சு என்பதே நின்றுபோனது. "காலை எடுத்தாங்களா, இல்ல நாக்கை எடுத்தாங்களா?" என்று ஒருநாள் கோபத்தில் கேட்டேவிட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு கால் கொடுத்தார்கள். கனமான சாமான். போட்டு நடந்தால் உரசிப் புண்ணானது. நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமில் துடைப்பத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டார். வேறு கால் பார்க்கலாமா என்று கேட்டால், "வேணாம். கால் இருந்து என்ன கிழிக்கப் போறேன்" என்பார். அவர் நொண்டி நடந்தாலும் எனக்குக் கவலையில்லை, நடக்காமலே இருந்தாலும் பார்த்துக்கொள்வேன். எழுந்திருக்க வேண்டும் என்கிற ஆசையே அவருக்குச் செத்துப்போய்விட்டதோ என்பதுதான் என் பயம். ஆசை செத்துப்போன ஆளை எந்த டாக்டரிடம் கொண்டுபோவது?

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற நர்ஸ் ஒருவர்தான் பத்து பாகாட்டில் இருக்கிற அந்தப் பட்டறையைப் பற்றிச் சொன்னார். கார்பனில் செய்வார்கள், லேசாக இருக்கும் என்றார். இவர் வர மாட்டேன் என்றார். வராவிட்டால் சோறு கிடையாது என்று சொல்லி, காடியில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்கத் தூங்குவது மாதிரியே வந்தார்.

பட்டறையில் இருந்தது நம் தமிழ்ப் பெண் பிள்ளை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஜீன்ஸ், அதன் மேல் ரப்பர் ஏப்ரன், கழுத்தில் தொங்குகிற முகமூடி. கோலாலம்பூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்ததாம். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இவருடைய வெட்டுப்பட்ட காலை, கூச்சமே இல்லாமல், நான் துணியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தது. அளவெடுக்க ஈர மாவுக்கட்டு போட்டது. இவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மாவு காய்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை ஒரு சுருள் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டது. கறுப்பு. பட்டு மாதிரி வழுக்கியது. தையல்காரியிடம் துணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இரு என்றால் இருப்பாளா? திருப்பினேன், இழுத்தேன், வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்த்தேன். ஜீன்ஸ் துணியில் சாய்வாக ஓடுமே, அதே நெசவு. ஓரத்தில் நூல் பிரிந்து கையோடு வந்தது. தலைமுடியை விட மெல்லிய நூல்.

"இதுல என்னம்மா தைக்கப் போறீங்க?" என்றேன்.

"தைக்கிறதில்லக்கா. அண்ணனோட கால் இதுதான்."

நான் துணியைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒல்லியான ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. இந்தக் கறுப்பு நூல் தனியாக இருந்தால் வெறும் நூல்தான், இழுத்தால் தாங்கும், நிற்க வைத்தால் துவண்டுவிடும் என்றது. இதற்கு ஊற்றுகிற பசை இருக்கிறதே, ரெசின், அது தனியாகக் காய்ந்தால் கண்ணாடி மிட்டாய் மாதிரி பொட்டென்று உடையும். இரண்டையும் சேர்த்து இறுக விட்டால் வேறொரு பொருள் பிறக்கிறது. அதன் பலம் நூலிலும் இல்லை, பசையிலும் இல்லை, அப்படி ஒன்று.

"சேலைக்குக் கஞ்சி போடுற மாதிரியா?" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்தது. "அதேதான்க்கா. ஆனா இந்தக் கஞ்சி போட்டா அப்புறம் துவைக்க முடியாது."

பிறகு விரலளவு அகலமான, ரொட்டி மாதிரி மெல்லிசான ஒரு கறுப்புப் பட்டையை எடுத்தது. அதே துணி, பசை ஊற்றி இறுக வைத்தது. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து, ஏறி நில்லுங்க என்றது. என் எடை குளுவாங் பசாருக்கே தெரியும். நான் தயங்கினேன்.

"ஏறாத. விழுந்து தொலைக்கப் போற" என்றார் இவர்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. அதற்காகவே ஏறினேன். பட்டை என் காலுக்குக் கீழே வில் மாதிரி வளைந்தது. ஆனால் அது முறியவில்லை. இறங்கியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நிமிர்ந்து நேராகிவிட்டது. நான் குனிந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். நம்பவே முடியவில்லை.

"தலையில அடி படலையாண்ணே?" என்று அந்தப் பிள்ளை அவரைக் கேட்டது.

"ஹெல்மெட் இருந்துச்சு."

"எந்த மாதிரி?"

"ஃபைபர்."

"அப்ப இதோட சொந்தக்காரங்கதான். உங்க தலையைப் பார்த்துக்கிட்டவங்க காலையும் பார்த்துக்குவாங்க."

இவர் அந்தப் பட்டையை வாங்கி, இரண்டு முனையையும் பிடித்து, ஒருமுறை வளைத்துப் பார்த்தார். மாவுக்கட்டைக் கழற்றியதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு காடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் அந்தப் பிள்ளை இன்னொரு விஷயம் சொன்னது. கறுப்புக்கு மேலே, எல்லாவற்றுக்கும் வெளியே, நமக்குப் பிடித்த துணி ஒன்றைப் போர்த்தலாமாம். அதையும் பசையோடு சேர்த்தே இறுக்கிவிடுவார்கள். ஒருவர் பந்து விளையாட்டுச் சட்டையைக் கொண்டுவந்தாராம், ஒரு மலாய்க்கார அம்மா பாத்தேக் துணி கொண்டுவந்தாராம். மெல்லிய துணியாக இருக்க வேண்டும், உறை மாதிரி தைத்து வரவேண்டும். தைக்கிறது என் வேலையாயிற்றே, நானே தைக்கிறேன் என்றேன். "சுத்தமா இருக்கணும்க்கா. எண்ணெய், பவுடர், சென்ட் எதுவும் படக் கூடாது. பட்டா பசை ஒட்டாது" என்று எனக்குச் சொல்லி அனுப்பியது. காடியில் இருந்தவருக்கு இது தெரியாது.

திரும்பி வருகிற வழியில் எனக்குக் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. படகு, பஸ்ஸின் முன்பக்கம், வீட்டுக் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, பாலத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற தூண்டில் கம்பு, எல்லாமே இந்தச் சாதிதான் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது. சிலதில் கண்ணாடி நார், சிலதில் கார்பன் நார், அவ்வளவுதான் வித்தியாசம். காற்றாடி வைத்துக் கரண்டு எடுக்கிறார்களே, அதன் இறக்கை இது. புதுசாக வருகிற பெரிய ஆகாய விமானங்களில் பாதி உடம்பு இது. இத்தனை வருடம் துணியோடு குப்பை கொட்டியிருக்கிறேன், துணி என்றால் உடுத்துகிற சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றித் துணி நின்றுகொண்டிருக்கிறது, ஓடுகிறது, மிதக்கிறது, மனிதர்களைச் சுமந்துகொண்டு மேகத்துக்கு மேலே பறக்கிறது. ஆச்சரியத்தில் இரண்டு தடவை சிக்னலைக் கவனிக்காமல் நின்று பின்னால் ஹார்ன் வாங்கினேன்.

தீபாவளித் தையலுக்குத் துணி எடுக்க வருடா வருடம் தங்காக் போவேன். அந்த முறை போனபோது காலுக்கும் துணி எடுத்தேன். கடைக்காரப் பையன் "சட்டைக்கா ஆன்ட்டி?" என்றான். "காலுக்கு" என்றேன். விழித்தான். கருநீலத்தில் பொடிப் பொடியாய் வெள்ளைப் பூ. என் வீட்டுக்காரருக்கு அப்படிப்பட்ட சட்டை என்றால் உயிர். முன்பெல்லாம் கிருதா வைத்துக்கொண்டு, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, தீபாவளியன்று கிளம்புவார் பாருங்கள், மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

உறை தைத்து அவரிடம் காட்டினேன். "கோமாளிக்குத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

எங்கள் வீட்டில் புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்த மாட்டோம். கைக்குட்டையாக இருந்தாலும் சரி. எங்களோடு இருக்கிற என் மாமியார் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, துணியின் உள் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுப்பார். அந்த வருடமும் தீபாவளித் துணிக்கெல்லாம் வைத்தார். கால் உறை அந்தக் கும்பலில் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது அலமாரி மேல் இருந்தது. அந்தப் பையை அப்படியே, பிரிக்காமல், பத்து பாகாட்டுக்குக் கொண்டுபோனேன்.

கால் செய்கிற நாள். எங்கள் இருவருக்கும் முகமூடி கொடுத்து ஓரமாக உட்கார வைத்தது அந்தப் பிள்ளை. இவருடைய காலின் அச்சு மாவில் செய்து தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக், அதன் மேல் வெள்ளைத் துணி, பிறகு கறுப்பு, ஒன்று நேராக, ஒன்று சாய்வாக. எந்தப் பக்கம் பாரம் வந்தாலும் தாங்க ஒரு நூல் அந்தத் திசையில் இருக்க வேண்டும் என்றது. கடைசியில் என் பூப்போட்ட உறை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் மூடி, பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சியது. துணி அச்சோடு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. மேலிருந்து பசையை ஊற்றி, ஒரு கயிற்றால் இறுக்கி இறுக்கிக் கீழே இறக்கியது. நீலம் நனைந்து ஆழமாகிக்கொண்டே வந்தது, பூவெல்லாம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி பளபளத்தது. நான் மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டுப் பாருங்கக்கா" என்றது. தொட்டேன். சுட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, தானாகவே சூடு ஏறுகிறது. காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. இறுகும்போது அப்படித்தான் சூடு வருமாம். ஈரத் துணியாக இருந்தது என் கைக்குக் கீழே கல்லாக மாறிக்கொண்டிருந்தது. கும்பிட வேண்டும் போல் இருந்தது எனக்கு. வெட்கத்தில் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. மேல் பக்கத்தில், முட்டிக்குக் கீழே வருகிற இடத்தில், ஒரு பொட்டளவு இடம் மட்டும் நனையவில்லை. வெளிறிப்போய்க் கொப்புளம் மாதிரி நின்றது. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தது. நகரவில்லை. பசை இறுகிக்கொண்டு வருகிறது, பிரிக்கவும் முடியாது.

"எண்ணெய் ஏதும் பட்டுச்சாக்கா?"

"சத்தியமா இல்லம்மா. பையைக்கூடப் பிரிக்கல."

இறுகிய பிறகு உள்ளே இருந்த மாவு அச்சை இடித்து வெளியே கொட்டியது. கிண்ணம் மாதிரி இருந்ததைக் கையில் எடுத்து, ஒரு ஐம்பது சென் காசால் தட்டிக்கொண்டே வந்தது. டிங், டிங், டிங் என்று கேட்டது. அந்த இடம் வந்ததும் டொப். மறுபடி தட்டியது. மறுபடி டொப். எனக்கே புரிந்துவிட்டது, உள்ளே ஒட்டவில்லை. விமானத்தின் இறக்கையைக்கூட இப்படித்தான் தட்டிக் கேட்டுப் பார்ப்பார்களாம்.

"எண்ணெய் மேல் துணியோட நின்னுச்சா, கறுப்புக்குள்ளயும் இறங்கிருச்சான்னு தெரியல. இதை அண்ணனுக்குக் குடுக்க மாட்டேன்" என்றது. அச்சை இடித்தாயிற்று. மறுபடி முதலில் இருந்து மாவுக்கட்டு போட்டு அளவெடுக்க வேண்டும்.

இவரைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. "பார்த்தியா, எனக்கு இதுகூட ஒட்டல" என்று சொல்லிவிட்டு எழுந்து காடிக்குப் போய்விடுவார், அதோடு அறைக்குள் போனால் இனி வெளியே வரவே மாட்டார் என்று தோன்றியது. எவ்வளவு கெஞ்சிக் கூட்டி வந்தது. எல்லாம் ஒரு பொட்டளவு இடத்தில் போயிற்றே என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை சின்ன ரம்பத்தால் அந்த இடத்தின் ஓரத்தைக் கீறி, மேல் துணியை உரித்தது. விரலில் தேய்த்தது. மூக்கருகே கொண்டுபோனது. என்னைப் பார்த்தது.

"அக்கா, மஞ்சள். எண்ணெயில குழைச்சது."

எனக்கு வந்ததே கோபம். மாமியாரைத் தவிர யார் இதைச் செய்வார்? அங்கேயே போன் போட்டேன். "அத்தை, கால் உறைக்கு மஞ்சள் வச்சீங்களா? எதுவும் படக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, இப்ப எல்லாம் கெட்டுப்போச்சு."

"நான் ஏண்டி வைக்கிறேன்? அந்தப் பையை நான் தொடவேயில்லையே."

"எண்ணெயில குழைச்சு வச்சிருக்கு."

அந்தப் பக்கம் மாமியாருக்கு என்னைவிடக் கோபம். "எண்ணெயிலயா? எந்தப் பொம்பளையாச்சும் மஞ்சளை எண்ணெயில குழைச்சுத் துணியில வைப்பாளா? கறை போகுமா? எனக்கு அவ்வளவு கூடத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. எந்தப் பெண்ணும் வைக்க மாட்டாள். போனை மெல்லக் கீழே வைத்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், ஓர் ஆண்.

திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது.

"நீங்களா?"

யாரிடமோ சொல்வது மாதிரி, "நீ பசாருக்குப் போயிருந்தப்ப வச்சேன்" என்றார். "தண்ணியில குழைச்சா நிக்காதோன்னு நெனச்சேன்."

"ஏன் வச்சீங்க?"

"புதுசாச்சே. மஞ்சள் வைக்காம எப்படிப் போடுறது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, நடுப் பட்டறையில் மாவுத் தூளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். வேணாம் என்றவர். என்ன கிழிக்கப் போறேன் என்றவர். கோமாளித் துணி என்றவர். நான் வெளியே போகிற நேரம் பார்த்து, ஊன்றுகோலோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அலமாரி மேலிருந்து பையை எடுத்து, அடுப்படியில் மஞ்சள் டப்பாவைத் தேடி, தெரியாத்தனமாய் எண்ணெயை ஊற்றிக் குழைத்து, தீபாவளிச் சட்டைக்கு வைக்கிற மாதிரி உள்பக்கம் பார்த்து வைத்திருக்கிறார். கருநீலத்தில் அது தெரியவேயில்லை. அவருக்கு அந்தக் கால் வேண்டியிருந்தது. நல்லபடியாக அமைய வேண்டுமே என்று பயந்திருக்கிறார், என்னை மாதிரியே.

அந்தப் பிள்ளையும் முகமூடியை ஏற்றிக் கண் வரைக்கும் மூடிக்கொண்டது. அதற்குள்ளிருந்தே பேசியது. "அண்ணே, மஞ்சள் வைங்க. வேணாங்கல. எல்லாம் முடிஞ்ச பிறகு வெளிப்பக்கம் வைங்க. உள்ள மட்டும் வேணாம்."

பிறகு அந்தக் கெட்டுப்போன கிண்ணத்தையும் ஒரு சுத்தியலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தது. "இது இனி யாருக்கும் ஆகாது. உடைச்சுப் பாருங்க."

அவர் புரியாமல் பார்த்தார். "நிஜமாதான். அடிங்க."

மெதுவாக ஓர் அடி அடித்தார். பிறகு கொஞ்சம் பலமாக. அப்புறம் நிறுத்தவேயில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் கொட்டி அடித்தார். பக்கத்து டயர் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நீலத் துணி மஞ்சள் பட்ட இடத்தில் பிய்ந்து வந்தது. கீழே இருந்த கறுப்பு வெள்ளையாய்க் கீறல் விட்டதே தவிர நெளியவில்லை, விரியவில்லை. கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினார். அடித்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"ஒண்ணும் ஆகலையே" என்றார். சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

"அப்புறம் ஏம்மா குடுக்க மாட்டேங்கிற?" என்று நான் கேட்டேன்.

"உடையாதுன்னுதான் நினைக்கிறேன்க்கா. நினைப்பை நம்பி ஒருத்தருக்குக் கால் குடுக்க முடியாது."

இவர் சுத்தியலைக் கீழே வைத்தார். குனிந்து, தானாகவே, கால்சட்டையை முட்டி வரைக்கும் சுருட்டினார்.

"இன்னிக்கே அளவெடுத்துரும்மா" என்றார்.

இந்த முறை சுவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பிள்ளை மாவுக்கட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கழித்து, "உங்க பம்பு சத்தம் சரியில்ல. எண்ணெய் மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்றார். ஏர்கோன் வேலைக்கும் அதே மாதிரிக் காற்று உறிஞ்சும் பம்புதானாம். "நாளாச்சுண்ணே" என்றது அந்தப் பிள்ளை. அவ்வளவுதான், தொடங்கிவிட்டார். எந்தப் பம்பு நல்லது, எந்தப் பம்பை வாங்கி ஏமாந்தார், எந்த வீட்டில் எந்த ஏர்கோன் என்ன ஆனது, ஆயர் ஹீத்தாம் தாண்டி வீடு வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. எனக்குத் தலை வலித்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல மனசு வருமா?

மிச்சத் துணி என்னிடம் இருந்தது. புதிதாக உறை தைத்தேன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து, என் கை சுத்தமாக இருக்கிறதா என்று என்னையே அதட்டினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் புதுக் கால் தயாரானது. அந்தப் பிள்ளை காசால் தட்டிக் காட்டியது, சுற்றிலும் டிங் டிங் என்றே கேட்டது. கிண்ணத்துக்குக் கீழே ஒரு குழாய், அதன் கீழே கறுப்புப் பாதம், வளைந்து, அன்றைக்கு நான் ஏறி நின்ற பட்டை மாதிரியே. மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்தபடி எழுந்தார். உடம்பு பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்த்தார். பாதம் வளைந்தது, தாங்கியது, தள்ளிக் கொடுத்தது. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். இன்னொரு கையையும் எடுத்தார்.

நான் வெட்டிய துணி, என் மெஷினில் ஓடிய தையல், அது இறுகின கறுப்பு நூலோடு ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரோடு நிற்கிறது. விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிற சாமான் இவரையும் தூக்கிப் பிடித்திருக்கிறது. அவர் கம்பியின் கடைசி வரைக்கும் போனார், அங்கே நிற்காமல் வாசல் வரைக்கும் போனார், நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். டயர் கடைக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் இப்போது மறுபடியும் ஏணி ஏறுகிறார், நான் கீழே நின்று திட்டுகிறேன். அந்தக் கறுப்புத் துணி இன்னும் என்னென்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது. கேட்கிற ஒவ்வொன்றும் என்னை வாயடைக்க வைக்கிறது. ஆனால் எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது அதைவிடச் சின்ன விஷயம்: இப்போதெல்லாம் துவண்டுபோன யாராவது எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்னால், நான் அவர்கள் வாயை நம்புவதில்லை, அவர்கள் கை யாருக்கும் தெரியாமல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கிறேன்.